கடைசிக் காலமும் கி.பி. 70ம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மத்தேயு 24 இயேசு ஆலயத்தின் அழிவையும் முடிவின் அடையாளங்களையும் பற்றிப் பேசும் அதிகாரம், கி.பி. 70 ரோமர்கள் அந்த எருசலேம் ஆலயத்தை அழித்த வருஷம். போன இதழில் ஒரு வாசகருக்கு, 'மத்தேயு 24ஐ முதலில் எருசலேமில் நின்று படியுங்கள், செய்தித்தாளை அப்புறம் திறக்கலாம்' என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. திட்டியவர்களும் உண்டு, விளக்கம் கேட்டவர்களும் உண்டு. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் மூன்று நாள் தீர்க்கதரிசனக் கூட்டம் நடந்தது. பேசியவர் உக்ரைன் போர், காசா, துருக்கி நிலநடுக்கம், கொரோனா எல்லாவற்றையும் திரையில் போட்டுக் காட்டி, மத்தேயு 24 இப்போதுதான் நிறைவேறுகிறது என்றார். நீங்களோ அது முதல் நூற்றாண்டுக்காரர்களுக்குச் சொன்னது என்கிறீர்கள். யாரை நம்புவது? — வாசகர், நாகர்கோவில்

நம்புவது இருக்கட்டும். முதலில் அந்த அதிகாரத்தைத் திறந்து, பேச்சு எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். சீஷர்கள் தேவாலயத்தின் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். ஏரோது கி.மு. 20 வாக்கில் தொடங்கிய வேலை, இவர்கள் பார்க்கும்போதும் முடிந்தபாடில்லை. கலிலேயாவிலிருந்து வந்தவர்கள் அந்தக் கற்களின் அளவைப் பார்த்து மலைத்து நிற்கிறார்கள். இயேசு, இதில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார். அப்புறம் ஒலிவமலையில் அவர் உட்கார்ந்திருக்கும்போது, பேதுரு, யாக்கோபு, யோவான், அந்திரேயா நாலு பேரும் தனியாக வந்து கேட்டது 'இது எப்போது நடக்கும்?' என்று. மாற்கு அப்படித்தான் எழுதுகிறார். மத்தேயுவில் வருகையும் உலகத்தின் முடிவும் அந்தக் கேள்வியோடு சேர்ந்து வருகிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

அடுத்து உள்ளே இருக்கும் விவரங்களைப் பாருங்கள். யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓட வேண்டும். வீட்டின்மேல் இருக்கிறவன் உள்ளே போய்ச் சாமான் எடுக்கக்கூடாது. ஏனென்றால் அங்கே மொட்டை மாடி, படி வெளிப்பக்கம், அப்படியே இறங்கி ஓடிவிடலாம். ஓட்டம் மாரிகாலத்தில் வரக்கூடாது, ஓய்வுநாளில் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். ஓய்வுநாளில் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதற்கே கணக்கு வைத்திருந்த ஊர் அது. இதெல்லாம் மார்த்தாண்டத்திலோ சிவகாசியிலோ இருக்கும் ஒருவருக்குச் சொன்ன எச்சரிக்கை என்றால், யூதேயாவும் ஓய்வுநாளும் அதில் எதற்கு?

லூக்கா 21:20 இன்னும் நேராகவே சொல்லிவிடுகிறது: எருசலேமைச் சேனைகள் சூழ்ந்திருப்பதைக் காணும்போது அதன் அழிவு சமீபம் என்று அறியுங்கள். கி.பி. 66 கடைசியில் சீரியாவின் ரோம ஆளுநர் செஸ்டியஸ் காலஸ் படையோடு வந்து எருசலேமை வளைத்தார். நகரம் கைக்கு எட்டும் நேரத்தில், காரணமே தெரியாமல் பின்வாங்கிவிட்டார். திரும்பும் வழியில் பெத்தொரோன் கணவாயில் யூதர்கள் அவர் படையை நொறுக்கினார்கள். உள்ளே எல்லோரும் வெற்றிக் களிப்பில் இருந்தார்கள். ஓட நினைத்தவனுக்கு அதுதான் சமயம். எருசலேம் கிறிஸ்தவர்கள் யோர்தானுக்குக் கிழக்கே பெல்லா என்ற ஊருக்குப் போய்விட்டார்கள் என்று 4ஆம் நூற்றாண்டில் சபை வரலாறு எழுதிய யூசிபியஸ் சொல்கிறார். இதைச் சந்தேகிக்கும் அறிஞர்களும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கி.பி. 70 பஸ்கா நேரத்தில் ரோமத் தளபதி தீத்து படையோடு வந்தார். பண்டிகைக்கு வந்த கூட்டம் அப்படியே உள்ளே மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களோ ரோமர்களை எதிர்ப்பதற்கு முன் தங்களுக்குள் மூன்று கோஷ்டியாக வெட்டிக்கொண்டார்கள், எதிர்க்கோஷ்டிக்குக் கிடைக்கக்கூடாது என்று தானியக் கிடங்குகளையே எரித்தார்கள். ரோமப் படை நகரைச் சுற்றி ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஒரு மதிலை மூன்றே நாளில் எழுப்பியது என்கிறார் அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். 'உன் சத்துருக்கள் உன்னைச் சூழ மதில்போட்டு' என்று லூக்கா 19ல் இயேசு அழுதுகொண்டு சொன்னது ஞாபகம் வருகிறதா? பஞ்சத்தில் ஒரு தாய் தன் கைக்குழந்தையைச் சமைத்துத் தின்ற கதையையும் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் ஆலயம் எரிந்தது.

ஜோசிபஸ் யூதர், ஆனால் அந்தச் சமயம் ரோமர் முகாமில் இருந்தவர், தீத்துவுக்கு வேண்டியவர். அதனால் அவர் எழுதியதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். 11 லட்சம் பேர் செத்தார்கள் என்கிறார். அந்த நகரத்துக்கு அது நம்ப முடியாத கணக்கு. ஆனாலும் அவர் சொல்லும் ஒரு ஆளை என்னால் மறக்க முடியவில்லை. அனனியாவின் மகன், அவன் பெயரும் இயேசுதான், ஒரு பட்டிக்காட்டு ஆள். போர் தொடங்குவதற்கு நாலு வருஷம் முன்னால், நகரம் செழிப்பாக இருந்தபோது, கூடாரப்பண்டிகைக்கு வந்தவன் திடீரென்று 'கிழக்கிலிருந்து ஒரு சத்தம், மேற்கிலிருந்து ஒரு சத்தம், எருசலேமுக்கு விரோதமாக, ஆலயத்துக்கு விரோதமாக ஒரு சத்தம்' என்று தெருத்தெருவாகக் கத்த ஆரம்பித்தான். பெரிய மனிதர்கள் பிடித்து அடித்தார்கள், ரோம ஆளுநர் அல்பினுவிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எலும்பு தெரியும்வரை சவுக்கடி. ஒவ்வொரு அடிக்கும் 'ஐயோ, எருசலேமே' என்றானே தவிர வேறு வார்த்தை இல்லை. பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள். ஏழு வருஷம் ஐந்து மாதம் கத்தினான். முற்றுகையின்போது மதில்மேல் சுற்றி வந்து கத்திக்கொண்டிருந்தவன் 'ஐயோ, எனக்கும்' என்று சொன்ன மாத்திரத்தில், ரோமர் எறிந்த கல் வந்து விழுந்து செத்தான்.

சரி, போரும் நிலநடுக்கமும்? பேரரசன் கிலவுதியு காலத்துப் பஞ்சம் அப்போஸ்தலர் 11லேயே இருக்கிறது. கி.பி. 60ல், இன்றைய துருக்கியில் இருந்த லவோதிக்கேயா நிலநடுக்கத்தில் தரைமட்டமானது, இரண்டொரு வருஷத்தில் இத்தாலியின் பொம்பெயி நகரமும் ஆடியது. கள்ளத் தீர்க்கதரிசிகளுக்கும் குறைவில்லை. 4,000 பேரை வனாந்தரத்துக்குக் கூட்டிப்போன எகிப்தியன் ஒருவனைப் பற்றி ரோமச் சேனாபதி பவுலிடமே கேட்கிறான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. யுத்தங்களையும் யுத்தச் செய்திகளையும் கேள்விப்படும்போது 'கலங்காதீர்கள், முடிவு உடனே வராது' என்றுதான் 6ஆம் வசனம் சொல்கிறது. எதை அடையாளமாக எடுத்துக்கொண்டு பதறாதே என்று சொன்னாரோ, அதையே திரையில் போட்டுப் பதறவைப்பது என்ன நியாயம்?

சூரியன் அந்தகாரப்படும், நட்சத்திரங்கள் விழும் என்று 29ஆம் வசனம் சொல்கிறதே. கி.பி. 70ல் அப்படி நடந்ததா? — வாசகி, திருநெல்வேலி

நடக்கவில்லை. இதே பேச்சு ஏசாயா 13லும் இருக்கிறது: நட்சத்திரங்கள் ஒளி கொடாது, சூரியன் உதிக்கும்போதே இருளும். அந்த அதிகாரத்தின் தலைப்பு பாபிலோன். கி.மு. 539ல் பாரசீக ராஜா கோரேசின் படை பாபிலோனைப் பிடித்தது. மறுநாளும் சூரியன் வழக்கம்போல உதித்தது, ஏசாயா பொய் சொன்னதாக எந்த யூதரும் நினைக்கவில்லை. எசேக்கியேல் 32ல் பார்வோனின் வீழ்ச்சிக்கு இதே வானம் கறுக்கிறது, ஏசாயா 34ல் ஏதோமுக்காக வானமே சுருளைப்போலச் சுருட்டப்படுகிறது. ஒரு ராஜ்யம் கவிழ்வதைத் தீர்க்கதரிசிகள் இப்படித்தான் பாடுவார்கள். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து, சூரியன் இருளும் சந்திரன் இரத்தமாகும் என்ற யோவேலின் வசனத்தைச் சொல்லி, 'அதுதான் இது' என்றாரே, அன்றைக்கு வானத்தில் யார் என்ன பார்த்தார்கள்?

மேகத்தின்மேல் வரும் மனுஷகுமாரன் தானியேல் 7லிருந்து வருகிறார். அங்கே அவர் பூமிக்கு இறங்கவில்லை, நீண்ட ஆயுசுள்ளவரிடத்தில் போய் ராஜ்யத்தைப் பெறுகிறார். ஆகவே 29 முதல் 31 வரை எருசலேமின் நியாயத்தீர்ப்பைப் பற்றித்தான் என்பது என் வாசிப்பு. தூதர்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைச் சேர்ப்பது என்ற 31ஆம் வசனம் இந்த வாசிப்புக்குச் சற்று இடறலானதுதான். அங்கிருந்து உலக முடிவு தொடங்குகிறது என்று சொல்லும் நல்ல அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் 36ஆம் வசனத்தில்தான், 'அந்த நாளையும் அந்த நாழிகையையும்' என்று பேச்சு திரும்பும் இடத்தில்தான், கோடு போடுவேன்.

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் விவிலியத்தில் மக்கபேயர் நூல் இருக்கிறது. 'பாழாக்கும் அருவருப்பு' அதிலேயே நடந்துவிட்டதே? மத்தேயு 24:15ல் இயேசு மறுபடி ஏன் சொல்கிறார்? — வாசகர், திருச்சி

சரியான கேள்வி. சீர்திருத்தச் சபையார் பலருக்கு இந்தத் துப்பே கிடைப்பதில்லை, அவர்கள் வேதாகமத்தில் அந்த நூல் இல்லை. கி.மு. 167ல் சீரியாவை ஆண்ட கிரேக்க ராஜா அந்தியோக்கு எப்பிபான், எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தின்மேல் அந்நியப் பலிபீடம் கட்டிவைத்தான். 1 மக்கபேயர் அதைத் தானியேலின் அதே சொற்களால் குறிப்பிடுகிறது. மூன்று வருஷத்தில் யூதா மக்கபே ஆலயத்தைத் தூய்மை செய்தார். யூதர்கள் அதை ஆண்டுதோறும் கொண்டாடினார்கள், யோவான் 10ல் இயேசு அந்தப் பண்டிகையில் இருக்கிறார். அதனால் அவர் அந்தச் சொல்லை எடுத்தவுடன் கேட்டவர்களுக்கு என்ன என்று தெரியும்: அந்நிய ராஜா, ஆலயத்தில் தீட்டு, மறுபடியும்.

அவர் சொல்லிப் பத்து வருஷத்துக்குள் அது நடக்கவும் பார்த்தது. கி.பி. 40 வாக்கில் ரோமப் பேரரசன் கலிகுலா தன் சிலையை ஆலயத்துக்குள் வைக்கச் சொல்லி சீரியாவின் ஆளுநர் பெத்ரோனியுவுக்கு உத்தரவு போட்டார். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் போய், விதைக்கிற காலத்தில் நிலத்தை அப்படியே போட்டுவிட்டு, 'எங்களைக் கொன்றுவிட்டு வையுங்கள்' என்று அவர்முன் விழுந்து கிடந்தார்கள். பெத்ரோனியு இழுத்தடித்தார். 41 ஜனவரியில் கலிகுலாவை ரோமிலேயே வெட்டிப்போட்டார்கள், சிலையும் வரவில்லை. மாற்கு சுவிசேஷத்தில் 'வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்' என்று நடுவில் ஒரு குறிப்பு வருகிறதே, அதை முதலில் வாசித்த தலைமுறைக்கு இந்தக் கலவரம் கண்ணால் பார்த்த சங்கதி.

பார்கோடில் 666 இருக்கிறது, ஆதார் எண்தான் மிருகத்தின் முத்திரை என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. வீட்டில் அம்மா பயந்துபோய் இருக்கிறார்கள். — வாசகி, மதுரை

அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்கோடின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் இருக்கும் நீளக் கோடுகள் 6க்கு உரிய கோடு மாதிரி தெரியும், அவ்வளவுதான். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று ஸ்கேனருக்குக் காட்டுகிற கோடுகள் அவை, எண்ணே இல்லை. ஆதார் 12 இலக்கம்.

666தான் மிருகத்தின் இலக்கம் என்று சொல்லும் வெளிப்படுத்தின விசேஷம் 13:18 வேறு என்ன சொல்கிறது? புத்தியுடையவன் கணக்குப் பார்க்கட்டும், அது ஒரு மனுஷனுடைய இலக்கம் என்கிறது. அதாவது வாசிக்கிறவனால் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். இது ஆசியா மாகாணத்தில், இன்றைய துருக்கியில், ஏழு சபைகளுக்கு அனுப்பிய புத்தகம். எபேசுவில் உட்கார்ந்து கேட்டவருக்கு ஆதார் வைத்து எப்படிக் கணக்குப் போடுவது?

நம் ஊரில் க என்றால் 1, உ என்றால் 2 என்று எழுத்தே எண்ணாக இருந்த மாதிரி கிரேக்கத்திலும் எபிரெயத்திலும் எழுத்துகள்தான் எண்கள். ஆகவே எந்தப் பெயரையும் கூட்டிப் பார்க்கலாம். அது அந்தக் காலத்தில் தெருவிளையாட்டு. பொம்பெயி நகரச் சுவர் ஒன்றில் எவனோ 'எவளுடைய எண் 545 ஆகிறதோ அவளை நான் காதலிக்கிறேன்' என்று கிறுக்கி வைத்திருக்கிறான், பெயரைச் சொல்லப் பயம் போலிருக்கிறது. ரோமப் பேரரசன் நீரோவின் பெயரைக் கிரேக்கத்தில் கூட்டினால் 'சொந்தத் தாயைக் கொன்றான்' என்பதன் கூட்டுத்தொகை வருகிறது என்று ரோமில் கேலிப்பாட்டே ஓடியது. இப்போது 'நேரோன் கேசர்' என்பதை எபிரெய எழுத்தில் போடுங்கள்: நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமேக் 60, ரேஷ் 200. கூட்டினால் 666. வசதிக்காக எழுத்தைத் திருகிவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். யூதேயப் பாலைவனத்தில் முராபாத் குகையில் கிடைத்த, நீரோவின் 2ஆம் வருஷத்துக் கடன் பத்திரம் ஒன்றில் அவர் பெயர் இப்படித்தான் இருக்கிறது. இன்னொன்று: சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 666க்குப் பதில் 616 என்று இருக்கிறது. லத்தீன் வழக்கப்படி கடைசி நூனை விட்டு 'நேரோ' என்று எழுதினால் 50 குறையும். 616 வந்துவிடுகிறது.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு. கி.பி. 180 வாக்கில் எழுதிய ஆயர் இரேனேயு இந்த எண்ணைப் பற்றி விரிவாக எழுதுகிறார், மூன்று பெயர்களைச் சொல்லிப் பார்க்கிறார், நீரோ அதில் இல்லை. வெளிப்படுத்தின விசேஷமே பேரரசன் தொமித்தியனின் ஆட்சிக் கடைசியில், 90களில், எழுதப்பட்டது என்றும் அவரே சொல்கிறார். நீரோ கழுத்தில் கத்தி பாய்ச்சிச் செத்தது 68ல். அப்படியென்றால் செத்தவனைப் பற்றி எதற்கு மர்மமாக எழுத வேண்டும்? எனக்குத் தோன்றுவது, நீரோ சாகவில்லை, கிழக்கே பார்த்தியரிடம் ஒளிந்திருக்கிறான், திரும்பி வருவான் என்று அந்த மாகாணங்களில் பேச்சு அடங்கவே இல்லை. 'நான்தான் நீரோ' என்று 69லேயே ஒருவன் கிளம்பினான், அப்புறமும் ஆட்கள் வந்தார்கள். சாவுக்கேதுவான காயம் ஆறின மிருகம் என்று 13:3 வாசிக்கப்படும்போது சபையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது என்பதும் அவர்கள் பிழைப்போடு ஒட்டியது. தொழில் சங்கத்தில் இருந்தால்தான் வியாபாரம், சங்க விருந்து நடப்பது கோவிலில், அங்கே பேரரசனுக்கும் தூபம். பெர்கமுவில் கி.மு. 29லேயே அகஸ்துவுக்குக் கோவில் எடுக்க அனுமதி வாங்கிவிட்டார்கள். கி.பி. 112 வாக்கில் பக்கத்து மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது: கிறிஸ்தவர் என்று பிடித்துவந்தவர்களை உங்கள் சிலைமுன் தூபமும் திராட்சரசமும் படைக்கச் சொன்னேன், கிறிஸ்துவைச் சபிக்கச் சொன்னேன், செய்தவர்களை விட்டுவிட்டேன், பிடிவாதம் பிடித்தவர்களைக் கொன்றேன். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள், முத்திரை என்றால் என்ன என்று புரியும்.

இரகசிய வருகை எப்போது? மகா உபத்திரவத்துக்கு முன்பா, நடுவிலா, பின்பா? — வாசகர், யாழ்ப்பாணம்

உலக முடிவுக்குச் சற்று முன் மகா உபத்திரவம் என்ற பெருந்துன்பக் காலம் வரும், இயேசு யாருக்கும் தெரியாமல் வந்து விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்பதைத்தான் இரகசிய வருகை என்கிறார்கள். முன்பா பின்பா என்று பவுலிடம் கேட்டிருந்தால் விழித்திருப்பார். தெசலோனிக்கே சபையில் சிலர் இறந்துபோனார்கள், 'ஆண்டவர் வரும்போது எங்கள் செத்தவர்கள் விட்டுப்போவார்களோ' என்று மற்றவர்களுக்குக் கவலை. அவர்களைத் தேற்றத்தான் கி.பி. 50 வாக்கில் 1 தெசலோனிக்கேயர் என்ற அந்தக் கடிதம். ஒரு பேரரசனோ படைத்தலைவனோ ஊருக்கு வந்தால் ஊர்ப் பெரியவர்கள் வெளியே போய் எதிர்கொண்டு, கூடவே ஊருக்குள் அழைத்து வருவார்கள். தெசலோனிக்கே ரோமச் சாலைமேல் இருந்த ஊர், அவர்களுக்கு இது அத்துப்படி. ஆகாயத்தில் எதிர்கொண்டுபோவது என்று வாசித்தபோது அங்கிருந்து வேறெங்கோ பறந்துவிடுவோம் என்று அவர்கள் நினைத்திருக்க வாய்ப்பு குறைவு. அதோடு, பிரதான தூதன் சத்தமிட எக்காளம் முழங்குகிற வருகையில் இரகசியம் எங்கே இருக்கிறது? வருகையை இரண்டாகப் பிரித்து, முதலாவதை உபத்திரவத்துக்கு முன்னால் வைத்த திட்டம் 1830களில் பிரதரன் சபை டார்பியால் பரவியது, 1909ல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. பக்கத்தின் அடியில் அச்சடித்த குறிப்பை வசனம்போலவே படித்துப் பழகிவிட்டார்கள்.

ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்றார். எருசலேமின் மேற்கு மதில் இன்றும் நிற்கிறதே? — வாசகர், சென்னை

நிற்பது ஆலயச் சுவர் அல்ல. ஆலயம் கட்டுவதற்காக மலையைச் சுற்றி மண் சரியாமல் எழுப்பிய தாங்குசுவர் அது. மேலே இருந்த ஆலயக் கட்டடங்களைத்தான் சீஷர்கள் காட்டினார்கள், அவை போய்விட்டன. தென்மேற்கு மூலையில், மேலிருந்து தள்ளிவிட்ட கற்கள் ஏரோது காலத்துத் தெருவில் விழுந்து தளவரிசையைக் குழியாக்கியபடி கிடப்பதை இன்றும் பார்க்கலாம். 1968ல் தொடங்கிய அகழ்வாய்வில் அங்கே கிடைத்த கல் ஒன்றில் 'எக்காளம் ஊதும் இடத்துக்கு' என்று எபிரெயத்தில் பொறித்திருந்தது. ஓய்வுநாள் தொடங்குவதை ஆசாரியன் ஊதி அறிவித்த மூலையின் கல்.

நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் எல்லாம் முதல் நூற்றாண்டிலேயே முடிந்துவிட்டது, இரண்டாம் வருகையே இல்லை போலிருக்கிறது. இது துர்உபதேசம். — வாசகர், வேலூர்

அப்படிச் சொல்கிற ஒரு கூட்டம் இருக்கிறது, நான் அதில் இல்லை. உயிர்த்தெழுதல் நடந்து முடிந்துவிட்டது என்று சொன்ன இமெநேயுவையும் பிலேத்துவையும் பவுல் சும்மா விடவில்லை. மரித்தவர்கள் எழுவார்கள் என்ற 1 கொரிந்தியர் 15 இன்னும் நடக்கவில்லை, என் அப்பாவின் கல்லறை இன்னும் மூடித்தான் இருக்கிறது. ஒலிவமலைப் பேச்சின் பெரும்பகுதி கி.பி. 70ல் நிறைவேறியது என்பதால், இயேசு போனபடியே திரும்ப வருவார் என்ற அப்போஸ்தலர் 1:11 ரத்தாகிவிடாது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால்தான் ஆபத்து. அமெரிக்காவில் வில்லியம் மில்லரை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று விடிய விடியக் காத்திருந்தார்கள். வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், அது தப்பியதும் அக்டோபர் 21 என்றார். இருவருமே வசனத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள்தான். இவையெல்லாம் நடக்கும் முன்னே 'இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது' என்று இயேசு சொன்னார், நாற்பது வருஷத்தில் ஆலயம் எரிந்தது. அவர் வார்த்தை பலித்தது என்றுதானே நான் சொல்கிறேன்? அதைத் துர்உபதேசம் என்றால் எப்படி?

வெளிப்படுத்தின விசேஷம் 17ல் வரும் பத்துக் கொம்புகள் ஐரோப்பிய நாடுகள்தானே? — வாசகர், கோவை

1981ல் ஐரோப்பியச் சமூகத்தில் கிரீஸ் சேர்ந்து பத்து நாடானபோது பிரசங்கிமார் பலருக்குத் தலைகால் புரியவில்லை. 1986ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து 12 ஆயிற்று. இப்போது 27. அதே அதிகாரத்தில் ஏழு தலை என்பது ஏழு மலை என்று தூதனே விளக்கம் சொல்லிவிடுகிறான், கி.பி. 71ல் வெஸ்பாசியன் வெளியிட்ட நாணயத்தில் ரோமா தேவி ஏழு குன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பையில் வைத்துக்கொண்டு மீன் வாங்கப் போனவர்களுக்கு ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மிச்சம் 17 கொம்புக்கு அந்தப் பிரசங்கிமாரைக் கேளுங்கள்.